அம்மம்மா சொன்ன பேய்களுக்கு இரண்டாம் பாகம்: தொகுப்புத் திகில் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் பாகம் எடுக்க முதலாம் பாகம் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்து அச்சுவேலிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. வல்லை வெளி முனி, புளியமரத்து மோகினி, சுடலைப் பக்கம் எரிந்தெரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பேய் என்று முதலாம் பாகத்தை அம்மம்மாமார் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தப் பேய்கள் இன்றைக்கு எழும்பி வந்தால் யாரைத் தேடி வரும், என்ன கணக்குக் கேட்கும் என்பதுதான் நீங்கள் எடுக்கப்போகும் படம்.

நாலைந்து நண்பர்கள், ஒரு நல்ல போன், சனி ஞாயிறு ஓய்வு, வீட்டில் ஏச்சு வாங்காத அளவுக்குச் செலவு. இவ்வளவும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கனவே பேய்க் குறும்படம் ஒன்று எடுத்து யூடியூப்பில் போட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

படி 1: எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று நான்கு தனிக்கதைகள், அவற்றைக் கட்டிவைக்க ஒரு வெளிக்கதை. தொகுப்புப் படம் என்பது இவ்வளவுதான். 1945இல் இங்கிலாந்தின் ஈலிங் நிறுவனம் எடுத்த 'டெட் ஒஃப் நைற்' இந்த வகையின் மூத்த படங்களில் ஒன்று. ஒரு வீட்டுக்கு வரும் கட்டடக் கலைஞர், அங்கிருப்பவர்கள் எல்லோரையும் தன் கனவில் கண்டிருப்பதாகச் சொல்கிறார். அதைக் கேட்ட ஒவ்வொருவரும் தனக்கு நடந்த ஒரு விநோதத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். அந்தப் படத்தை நான்கு இயக்குநர்கள் பங்குபோட்டு எடுத்தார்கள்.

தொடக்கக்காரருக்கு இந்த வடிவம் பொருந்துவதற்குக் காரணமும் அதுதான். இரண்டு மணி நேரக் கதையைத் தாங்கிப்பிடிக்க உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. பன்னிரண்டு நிமிடத்தைத் தாங்கலாம். ஆளுக்கொரு கதையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று சொதப்பினாலும் மற்றவை படத்தைக் காப்பாற்றும். மூன்று கதைகள் போதும். ஐந்து என்று தொடங்கியவர்கள் மூன்றாவதோடு களைத்துப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

படி 2: பேனையை எடுக்கமுன் சில படங்களைப் பாருங்கள்

சமூகப் பிரச்சினையைப் பேயின் வாயால் பேசவைத்த தொகுப்புப் படங்களில் பாடப்புத்தகம் என்றால் 'டேல்ஸ் ஃப்ரம் த ஹூட்'. ரஸ்டி கண்டீஃப் இயக்கி 1995இல் வந்தது. தயாரிப்பில் ஸ்பைக் லீயின் நிறுவனம் இருந்தது. போதைப்பொருள் தேடி வரும் மூன்று இளைஞர்களுக்கு, சவச்சாலை நடத்தும் சிம்ஸ் என்ற மனிதர் அங்குள்ள சவங்களின் கதைகளைச் சொல்கிறார். பொலிஸ் வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, இனவெறி அரசியல்வாதி, தங்களுக்குள்ளேயே சுட்டுச் சாகும் இளைஞர் குழுக்கள் என்று கறுப்பின அமெரிக்கரின் நான்கு காயங்கள் நான்கு கதைகளாகின்றன.

இரண்டாவது கதையை மட்டும் இரண்டு தரம் பாருங்கள். வீட்டில் ஒரு பூதம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லும் சிறுவன் அதைத் தாளில் கீறி வைத்திருக்கிறான். பூதம் யார் என்றால், தாயோடு வாழவந்து இருவரையும் போட்டு அடிக்கும் ஆள். கடைசியில் சிறுவன் அந்தத் தாளைக் கசக்குகிறான். தாள் மடிகிற இடத்திலெல்லாம் அந்த ஆளின் கை கால் மடிகிறது. ஒரு தாள், ஒரு சின்னக் கை, கசங்கும் சத்தம். பெரிய செலவில் செய்த காட்சிகளை விட இது நெஞ்சில் நிற்கிறது. அச்சுவேலியில் ஒரு கொப்பித் தாளுக்குப் பஞ்சமில்லை.

இருபத்து மூன்று வருடம் கழித்து, 2018இல், இரண்டாம் பாகம் வந்தது. கண்டீஃபும் டேரின் ஸ்கொட்டும் சேர்ந்து இயக்கினார்கள். முதல் பாகத்தில் கிளாரன்ஸ் வில்லியம்ஸ் நடித்த சிம்ஸ் பாத்திரத்தில் கீத் டேவிட் வந்தார். இம்முறை சிம்ஸ் கதை சொல்வது ஒரு பண முதலைக்கு; அவன் உருவாக்கும் ரோபோவுக்குக் குற்றவாளிகளை அடையாளம் காணப் பழக்க அவனுக்குக் கதைகள் வேண்டுமாம். நல்ல யோசனை. ஆனால் முதல் பாகத்தில் பயம் முன்னே போகக் கருத்து பின்னால் வந்தது. இரண்டாவதில் பல இடங்களில் கருத்து முன்னே ஓடிப்போய் நின்றுகொண்டு பயத்தைக் கூப்பிடுகிறது. இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. முதல் தரம் கிடைத்த பாராட்டு, அடுத்த தரம் மேடைப் பேச்சாகிவிடும்.

நம் பக்கத்தில் ராகவா லோரன்ஸின் 'முனி' (2007), அதற்கடுத்த 'காஞ்சனா' (2011). இவை தொகுப்புப் படங்கள் இல்லை, சிரிப்பும் கத்தலும் கூடுதல். ஆனாலும் இரண்டாம் பாகம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் தமிழில் கிடையாது. பேய்க்குப் பயந்து நடுங்கும் அதே மாதிரி நாயகன் இருக்கிறான். பேயும் பேய்க்கு இழைக்கப்பட்ட அநியாயமும் புதிது. காணியைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கைக்காகத் தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. பிரசாரப் படம் எடுத்து அந்தக் கைதட்டலை வாங்கியிருக்க முடியாது.

இன்னும் ஒன்று, சத்யஜித் ராய் 1961இல் தாகூரின் மூன்று கதைகளை வைத்து எடுத்த 'தீன் கன்யா'வில் வரும் 'மணிஹாரா'. நகைப் பைத்தியம் பிடித்த ஒரு பெண்ணின் கதை. தாலிக்கொடியின் பவுண் கணக்குப் பேசாமல் கலியாணம் முடியாத ஊரில் இருக்கும் நமக்கு அது அந்நியக் கதையாகவே தெரியாது.

படி 3: பேயின் வழக்கு என்ன?

வேலையில் பாதி இங்கேதான். பேய் எப்படி இருக்கும், தலைமயிர் எவ்வளவு நீளம் என்ற பேச்சைத் தள்ளிவையுங்கள். யாருக்கு, யார், என்ன செய்தார்கள், அது தெரிந்தும் ஊர் ஏன் வாய் திறக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பேய் தானாக வந்து நிற்கும். ஊருக்கே தெரியாத இரகசியத்தை விட, எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் பேசாத விசயம் கூடுதலாகப் பயமுறுத்தும்.

அச்சுவேலியைச் சுற்றி நடந்தால் கதைகள் காலில் தட்டும்.

நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள். அதை முதலாம் பாகமாக வையுங்கள். 1990இல் பலாலி, வளலாய்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. 2015 மார்ச்சில்தான் வளலாயில் ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பும் ஒரு கிழவர் தன் காணியைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். வாளியை இறக்குகிறார். மேலே வருவது தண்ணீரோடு ஒரு பித்தளைச் செம்பு, அதில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வெட்டியிருக்கிறது. அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்து. எல்லாக் கிணறும் அடியில் ஒன்று என்றால், இடம்பெயர்ந்த ஊரே அங்கேதான் இருக்கிறதா? நான் இதுவரை எடுக்கவில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வீதியோரச் சுமைதாங்கிகளைப் பாருங்கள். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் நினைவாகக் கட்டப்படுவது அது. சுமந்தபடியே போனவளுக்காக மற்றவர்களின் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இதைவிடச் சோகமான கட்டடம் இந்த மண்ணில் உண்டோ தெரியாது. சந்தையிலிருந்து வரும் ஒருத்தி அதில் தன் கடகத்தை இறக்கிவைக்கிறாள், பிறகு தூக்க முடியவில்லை. என்ன பாரம் ஏறியது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திய கதையாக இருக்கலாம், சீதனம் குறைந்த கதையாக இருக்கலாம்.

2011 ஓகஸ்டில் நாடு முழுக்கக் கிறீஸ் பூதம் ஆடியது நினைவிருக்கும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் பெண்களைத் தாக்குவதாகப் பயம் பரவி, ஊர் ஊராக முழித்துக் காவல் இருந்தார்கள். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் அது படையினரோடு மோதலாகி, பலர் இரவோடிரவாகக் கைதானார்கள். அடித்தார்கள் என்ற முறைப்பாடும் எழுந்தது. இங்கே பேய் எது? கிறீஸ் பூசியவனா, அவனைத் தேடி வந்தவர்களா, பொல்லோடு நின்று தெரியாத ஆளையெல்லாம் சந்தேகித்த நாமா? மூன்றுக்கும் இடம் கொடுக்கும் கதை இருந்தால் அது படத்தின் கடைசிக் கதையாக இருக்கவேண்டும்.

நுண்கடனும் இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை வாசலுக்கு வரும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒளித்த பெண்கள் எத்தனை பேர். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வரவேண்டிய அளவுக்குப் போன விசயம். சாதி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை; காத்தவராயன் கூத்தில் அவனைக் கழுவேற்றுவதை விடிய விடியப் பார்த்து அழுத ஊர்கள் நம்முடையவை. அந்தக் கூத்து முடிந்த அடுத்த நாள் கிணற்றடியில் என்ன நடந்தது என்று கேட்டால் கதை வந்துவிடும்.

படி 4: எங்கே கை வைக்கக்கூடாது

'டேல்ஸ் ஃப்ரம் த ஹூட் 2'இன் கடைசிக் கதையில் எமெற் டில் வருகிறான். 1955இல் மிசிசிப்பியில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன், உண்மையான பிள்ளை. இன்றைய வசதியில் அந்தத் தியாகத்தை மறந்து வாழும் ஒருவனிடம் அவன் கேள்வி கேட்கிறான். அந்தப் படத்திலேயே மனதைக் கலக்கும் பகுதி அதுதான். அதே நேரம், பார்ப்பவருக்குக் கூச்சமும் வருகிறது. அறுபது வருடத்துக்கு மேல் போன பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை.

எங்களுக்கு அறுபது வருடம் போகவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் இன்னும் வீதியில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பேயாகக் காட்டுவது, அவன் செத்துவிட்டான் என்று அந்தத் தாய்க்கு நீங்கள் தீர்ப்புச் சொல்வது. செம்மணிப் புதைகுழியில் கமராவைத் தூக்கிக்கொண்டு திகில் தேடுவதும் அப்படித்தான். அந்தத் துயரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. தேடுகிறவரின் பக்கத்தில் கமரா நிற்கட்டும்; தேடப்படுகிறவருக்கு வெள்ளைச் சீலை கட்டாதீர்கள். ஊரில் நடந்த கொலைகளையும் அப்படியே விடுங்கள். சொந்தக்காரர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார்கள்.

பெண்பேய் என்றால் கற்பழிக்கப்பட்டவள், பேய் பிடித்தால் மனநோயாளி, வில்லன் என்றால் கறுப்பு நிறம். இந்த மூன்றையும் தமிழ்ச் சினிமா தேய்த்து ஓட்டையாக்கிவிட்டது. நீங்களும் தேய்க்காதீர்கள்.

படி 5: வெளிக்கதையைக் கட்டுங்கள்

யார் சொல்கிறார், யாருக்கு, ஏன் இப்போது? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது மூன்று குறும்படங்கள்தான்; படம் இல்லை.

ராம் கோபால் வர்மா தயாரித்த 'டர்னா மனா ஹை' (2003) படத்தில் காட்டில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் நெருப்பைச் சுற்றி இருந்து கதை சொல்வார்கள். சரி, எல்லோரும் செய்வது. ராயின் 'மணிஹாரா'வில் ஆற்றங்கரையில் ஒரு வாத்தியார் முக்காடு போட்ட அந்நியனுக்குக் கதை சொல்கிறார். சொல்லி முடிய, கேட்டுக்கொண்டிருந்தவனே கதையில் வந்த ஆள் என்று தெரிகிறது. சொல்பவரைவிடக் கேட்பவர் முக்கியமாவது இந்த இடத்தில்.

அச்சுவேலியில் இருந்து பருத்தித்துறைப் பக்கம் போகும் கடைசி வானை எடுங்கள். இருபக்கமும் வீடில்லாத வல்லை வெளி. முனியப்பர் கோயிலடியில் வான் நிற்கிறது, சாரதி இறங்கிக் கும்பிடப் போகிறார். உள்ளே நாலு பேர். அவர் திரும்பி வரப் பிந்துகிறது. கதை சொல்ல இதைவிட நல்ல இடம் வேண்டுமா? வானில் ஏறும்போது எத்தனை பேர் என்று பார்வையாளர் எண்ணும்படி ஒரு காட்சி வையுங்கள். முடிவில் எண்ணிக்கை பிழைக்கட்டும்.

தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: முதல் பாகத்தில் கதை சொன்ன பொடியன் இப்போது பிரான்ஸில் இருப்பான். பயப்படாதீர்கள். 'டேல்ஸ் ஃப்ரம் த ஹூட்'டின் சிம்ஸ் பாத்திரத்தில் முதலிரண்டு பாகத்துக்கும் இரண்டு நடிகர்கள். சிரிக்கும் விதமும் பேசும் தோரணையும் ஆளை அடையாளம் காட்டின. உங்கள் கதைசொல்லிக்கும் ஒரு சால்வையோ, வெற்றிலை மெல்லும் பழக்கமோ, ஒரு தொங்கல் வசனமோ கொடுத்துவிட்டால் முகம் மாறினாலும் பரவாயில்லை.

படி 6: எங்கள் பேச்சில் எழுதுங்கள்

சென்னைத் தமிழில் அலறும் யாழ்ப்பாணப் பேயைப் பார்த்துச் சனம் சிரிக்கும். வீட்டில் பேசுவதை அப்படியே எழுதுங்கள். கடன் வசூலிக்க வந்தவன் படலையில் நிற்கிறான்:

"அக்கா, கிழமைக் காசு."

"அவர் இன்னும் வரேல்லைத் தம்பி. நாளைக்கு வாங்கோவன்."

"அண்ணை உள்ளதான் நிக்கிறார் போல. ஆரோ இருமிற சத்தம் கேக்குது."

இதற்கு முதல் காட்சியில், உள்சுவரில் மாலை போட்ட புருசனின் படத்தைப் பார்வையாளர் பார்த்திருந்தால் போதும். பேயைக் காட்டத் தேவையில்லை. கடன்காரனுக்குச் சொன்ன பொய் உண்மையாகும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்பதுதான் காட்சி. பயமா, ஆறுதலா என்று நடிகையிடமே விடுங்கள்.

படி 7: இடமும் அனுமதியும்

வீடு, தோட்டம், புகையிலைக் குடில் என்றால் சொந்தக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "பாப்பம்" என்பார்கள். கோயில் வளவு என்றால் பரிபாலன சபை. இரவுப் படப்பிடிப்பை கிராம சேவகருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சீலையோடு ஒருத்தி வீதியில் நின்றால் மோட்டார் சைக்கிள்காரர் விழுந்து எழும்பும் அபாயம் மெய்யானது; வளைவில் ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

ட்ரோன் ஆசை எல்லோருக்கும் வரும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். இராணுவ முகாம் எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. உயரத்துக் காட்சி வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கியில் ஏறுங்கள்.

படி 8: இருட்டும் சத்தமும்

போன் கமரா முழு இருட்டில் புள்ளி புள்ளியாகக் கொட்டும். மைமல் பொழுதில் எடுங்கள். பொழுது பட்டு வானத்தில் நீலம் மிஞ்சும் நேரம் இங்கே அரை மணித்தியாலம்கூட நிற்காது. அதற்கு முன்னமே ஒத்திகை முடிந்திருக்கவேண்டும். உள்காட்சிக்கு ஒரேயொரு வெளிச்சம் வையுங்கள். அரிக்கன் லாம்பு, போன் டோர்ச், திறந்த படலைக்கு அப்பால் நிற்கும் வாகன லைற், எதுவானாலும் ஒன்று. ஒளி கூடினால் பயம் குறையும்.

சத்தத்துக்கு மட்டும் காசு செலவழியுங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். சுற்றுச் சத்தத்தைத் தனியாகப் போய்ப் பதியுங்கள்: பனையில் காய்ந்த காவோலை உரசுவது, கிணற்றுக் கப்பி, விடியப்புறம் தோட்டத்தில் தண்ணி இறைக்கும் மோட்டர். எல்லாவற்றையும்விட ஆட்காட்டிக் குருவி. வெளியில் ஆள் நடமாட்டம் இருந்தால் அது கத்தும்; யுத்த காலத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு லாம்பைத் தணித்த வீடுகள் ஏராளம். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு, வெறும் இருட்டுத் திரையில் ஆட்காட்டி இரண்டு தரம் கத்தினால் போதும், கை தானாகக் கதிரைப் பிடியை இறுக்கும். எந்த ஹொலிவுட் இசையமைப்பாளரிடமும் இது கிடையாது. திருவிழாக் காலத்தில் மட்டும் சத்தம் பதியப் போகாதீர்கள். நாலு கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றாகக் கேட்கும்.

படி 9: வெட்டி அடுக்குங்கள்

இரண்டாவது நல்ல கதை முதலில், ஆகச் சிறந்தது கடைசியில், பலவீனமானதும் குறுகியதும் நடுவில். வெளிக்கதை எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம். பேய் முழுசாகத் தெரியும் ஒவ்வொரு இடத்திலும் பாதியை வெட்டுங்கள். செய்தி சொல்லும் வசனம் கடைசியில் இருந்தால் அதை முழுசாக வெட்டுங்கள்.

படி 10: ஊருக்குப் போட்டுக் காட்டுங்கள்

யூடியூப்பில் போடுவதற்கு முதல் சனசமூக நிலையத்தில் திரை கட்டுங்கள். எண்பதுகளில் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த ஊர்தானே. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி தேவை என்பதால் அந்த வேலையை முன்கூட்டியே தொடங்கவேண்டும். 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குக் குறும்படங்களாகப் பிரித்தும் அனுப்பிப் பார்க்கலாம்.

படம் முடிந்ததும் லைற்றைப் போட்டு, நடித்தவர்களை முன்னால் இருத்துங்கள். முதலில் ஒரு மாமா எழும்பி "இதெல்லாம் எங்கட ஊரில நடக்கிறேல்லை" என்பார். அவருக்கு மறுமொழி சொல்ல அவசரப்படாதீர்கள், மைக்கைப் பின்வரிசைப் பெண்களிடம் கொடுங்கள். அங்கே வரும் கதைகளை எழுதிக்கொள்ள ஒருவரைக் கொப்பியோடு இருத்திவைத்தால் மூன்றாம் பாகத்துக்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.